வேரைத் தேடிய வித்தகர்

தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பால் மணம் மாறாப் பருவத்திலேயே இருவரையும் இழந்து நின்றான் ஒரு சிறுவன். உற்றார் ஆதரவில் வளர்ந்தான்; பிறர் உதவியால் படித்தான். பெற்றோரைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைதான், பின்னாளில் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் தாய் யார், தந்தை யார் என்று தேடப் புறப்பட்டான். 1902இல் பிறந்த ஞா. தேவநேயப் பாவாணர்தான் அவர்!

சேலத்துத் தோழர்களே! அவர் நம் ஊரில் வாழ்ந்தவர். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்தச் சேலத்தில். அதே ஆண்டில்தான் சேலம் நகராட்சிக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார் பாவாணர். 1956 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே கற்பித்தார். பாவலரேறு பெருஞ்சித்திரனார் அவரிடம் பாடம் கேட்ட மாணவர். 1955இல், பெரியார் தலைமையில், சேலம் தமிழ்ப் பேரவை அவருக்குத் ‘திராவிட மொழிநூல் ஞாயிறு’ என்று பட்டம் சூட்டியது.

அப்படி என்ன செய்துவிட்டார்? திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று 1856இல் கால்டுவெல் நிறுவிக் காட்டினார். அதன் பிறகும், தமிழ்ச் சொல்லை எடுத்தால் இது வடசொல், அது வடசொல் என்று சொல்லிவந்தனர் பலர். பாவாணர் ஒவ்வொரு சொல்லாய் வேர் தேடினார். ஏட்டில் மட்டுமா தேடினார்? ஏர் பிடிப்பவன் பேச்சிலும் தேடினார். நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, மூங்கிலுக்குக் கழை! பயிரின் அடிக்கு இத்தனை பெயர். இவற்றைப் பண்டிதனா படைத்தான்? பாடுபட்டவன் படைத்தான்!

கடல் கடந்தும் இதற்கொரு சான்று உண்டு. ஜெர்மனியின் தெற்கே பவேரியா. அங்கே கூடை முடைபவர் மகனாய்ப் பிறந்தவர் ஷ்மெல்லர். படித்தவர்கள் பட்டிக்காட்டுப் பேச்சு என்று பழித்த பவேரியச் சொற்களை அவர் திரட்டி, 1827 முதல் 1837 வரை நான்கு தொகுதிகளில் அகராதியாக்கினார். அந்த மக்களுக்கு அது முகவரி ஆயிற்று.

பாவாணருக்கு அந்த வாய்ப்பு முதுமையில்தான் வந்தது. 1974இல் கலைஞர் அரசு, சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரை இயக்குநராக்கியது. வயது எழுபத்திரண்டு! உடல் தளர்ந்தது, உள்ளம் தளரவில்லை. 1981 சனவரி, மதுரை ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியவர் நோயில் விழுந்தார், அம்மாதமே மறைந்தார். அகரமுதலியின் முதல் பகுதி 1985இல்தான் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. தமிழே உலகின் முதல் மொழி, குமரிக்கண்டமே மாந்தன் பிறந்தகம் என்றார் அவர். இன்றைய மொழியியலாரும் நிலவியலாரும் அதை ஏற்கவில்லை. பகுத்தறிவு பேசும் நாம் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவானேன்? தமிழின் பெருமைக்குக் கடலில் மூழ்கிய கண்டம் தேவையில்லை. வயலில் விளைந்த சொல்லே போதும்!

தறியில் பாவு, ஊடை, நாடா என்று பேசும் தோழனே! நாமக்கல் லாரிப் பட்டறையில் சம்மட்டி பிடிக்கும் தோழனே! உன் தொழிலில் வழங்கும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வை. தொழில் மாறினால் சொல் சாகும். சொல் செத்தால் வரலாறு சாகும். பாவாணருக்கு நாம் எழுப்பும் நினைவுச்சின்னம் அந்த நோட்டுத்தான்!