கணியன் தந்த கோவிந்தசாமி

கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள், வெட்டிய குலையின் காம்பில் தங்கள் எண்ணை எழுதி வைப்பார்கள். 14 என்று எழுதியிருந்தால் அது யார் வெட்டிய குலை என்பது அத்தோட்டத்து மண்டோருக்குத் தெரியும். ஆனால், புக்கிட் ரோத்தானில் வெட்டிய குலைகளையும் ஈஜோக்கில் வெட்டிய குலைகளையும் ஒரே இடத்தில் கொட்டிக் கலந்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு 14 இருப்பாரே!

1990களில் கணினித் தமிழ் இத்தகைய குழப்பத்தில்தான் சிக்கியிருந்தது. அச்சிக்கலை அவிழ்க்கப் பாடுபட்ட முன்னோடிகளுள் ஒருவர் சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி.

1946ஆம் ஆண்டு பிறந்த அவர் ஓர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். பின்னாளில் சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1994ஆம் ஆண்டு தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார். இப்படி இலக்கியத்தில் ஊறியவர், கணினியில் தமிழை எழுதுவதற்கு ஒரு மென்பொருளை உருவாக்கினார் என்பது வியப்பாக இருக்கலாம். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கணியன்’. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் பெயர் அது.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆகவே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்க வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கு இதில் முன்பே உடன்பாடு ஏற்பட்டிருந்தது. தமிழில் நிலைமை வேறு. கணியன், நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு, தமிழ்நாட்டில் தோன்றிய மென்பொருள்கள் என ஆளுக்கொரு முறையில் எண் வழங்கினர். ஒரு மென்பொருளில் எழுதிய கடிதத்தை இன்னொன்றில் திறந்தால், பொருளற்ற குறிகளே திரையில் நிறையும். கடிதம் தொலையவில்லை, படிப்பவரிடம் வேறு தோட்டத்துப் பெயர்ப்பட்டியல் இருந்தது, அவ்வளவுதான்.

1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிடப்பட்டன. அதிபர் ஓங் டெங் சியோங் அத்தளத்தைத் தொடக்கி வைத்தார். அதில் தமிழ்க் கவிதைகள் இடம்பெறக் கோவிந்தசாமியின் உழைப்பே காரணம். இணையத்தில் தமிழ் அடியெடுத்து வைத்த நிகழ்வாக இது போற்றப்படுகிறது.

எனினும், ஒரு தளத்தில் தமிழ் தெரிவதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ கருத்தரங்கு நடைபெற்றது. அதனை நடத்தியதில் கோவிந்தசாமிக்குப் பெரும்பங்கு உண்டு. தனித்தனியே உழைத்தவர்கள் அங்கே ஒன்றுகூடிப் பேசினர். பேசுவது எளிது, விட்டுக்கொடுப்பதுதான் கடினம். பொதுமுறை வந்தால் ஒவ்வொருவரும் பல்லாண்டு உழைத்து அமைத்த சொந்த முறையைக் கைவிட வேண்டியிருக்கும். கணியனும் அதற்கு விலக்கன்று.

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு கூடியது. அவ்வாண்டிலேயே ‘தமிழ் 99’ விசைப்பலகை தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றது. ஆனால், அதே ஆண்டு மே 26ஆம் நாள் கோவிந்தசாமி காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

மறு ஆண்டு சிங்கப்பூரில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. பின்னர், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி முறை பரவலானது. அதில் அகரத்தின் எண் 2949. இன்று பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு மாணவி புலனத்தில் அனுப்பும் ‘அம்மா’, எந்த நிறுவனத்தின் திறன்பேசியில் திறந்தாலும் ‘அம்மா’ என்றே தெரிகிறது.