நோய் வருமுன் வீடு தேடிச் சென்றவர்: மருத்துவர் சாரா ஜோசஃபின் பேக்கர்

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் ஒரு செவிலியர் வந்திருப்பார். தாய்ப்பால் கொடுக்கப்படுகிறதா, தொப்புள்கொடி காய்ந்துவிட்டதா, குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று கேட்டு, விடைகளைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார். குழந்தை நலமாகத்தானே இருக்கிறது, இவர் ஏன் வருகிறார் என்று அப்போது உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க் நகரத் தாய்மார்களுக்கும் இதே ஐயம் எழுந்தது. அவர்களுடைய வீடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பி வைத்தவரின் வாழ்க்கையை இப்பக்கத்தில் நீங்கள் படிக்கலாம்.

சாரா ஜோசஃபின் பேக்கர் 1873ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாய் வாசர் கல்லூரியில் பயின்றவர்; மகளும் அங்கேயே பயில்வார் என்று குடும்பம் எண்ணியிருந்தது. ஆனால் அவருக்குப் பதினாறு வயதானபோது தம்பி டைபாய்டு காய்ச்சலால் இறந்தான். சில மாதங்களில் தந்தையும் அதே நோய்க்குப் பலியானார். ஊரார் குடித்த ஹட்சன் ஆற்று நீரில் கழிவு கலந்திருந்தது. தாயையும் சகோதரியையும் காக்க வேண்டிய பொறுப்பு இளம்பெண்ணின் மேல் விழுந்தது. தாம் மருத்துவராகப் போவதாக அவர் அறிவித்தபோது உறவினரும் குடும்ப மருத்துவரும் எதிர்த்தனர். தாய் தயக்கத்துடன் சம்மதித்தார்.

நியூயார்க்கில் பெண்களுக்கென நடத்தப்பட்ட மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், படித்த பாடங்களுள் ஒன்றில் மட்டும் தோல்வியடைந்தார். நோயற்ற, இயல்பான குழந்தையைப் பற்றிய பாடம் அது. நோய்களைப் படிக்க வந்த தமக்கு நலமான குழந்தையைப் பற்றி என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று அலட்சியமாக இருந்துவிட்டார். தோற்ற அவமானத்தால் அந்தப் பாடத்தை முழு மூச்சாக மீண்டும் படித்தார். பிற்காலத்தில் அவர் செய்த பணி அனைத்தும் அந்த ஒரு பாடத்திலிருந்து கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது. 1898இல் பட்டம் பெற்றுச் சிறிது காலம் பாஸ்டனில் பயிற்சி பெற்றபின் நியூயார்க் திரும்பித் தனியாக மருத்துவம் பார்த்தார். வருமானம் போதவில்லை. ஆகவே நகரச் சுகாதாரத் துறையில் மாதம் 30 டாலர் ஊதியத்தில் பகுதிநேர ஆய்வாளர் பணியை ஏற்றார்.

கோடைக் காலத்தில் மரணம்

1902ஆம் ஆண்டுக் கோடையில் 'ஹெல்ஸ் கிச்சன்' என்னும் ஏழைகள் பகுதியில் நோயுற்ற குழந்தைகளைத் தேடிச் செல்வது அவருக்கு இடப்பட்ட பணி. காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்குக் குடியிருப்புகளில் மாடிக்கு மாடி ஏறி இறங்கினார். அந்நாட்களில் நகரம் முழுவதிலுமாக வாரத்திற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தன என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார்.

காரணம் எளிமையானது. பால் மூடியில்லாத பாத்திரங்களிலிருந்து சில்லறையாக அளந்து விற்கப்பட்டது. வெப்பத்தில் கெட்டது; ஈக்கள் மொய்த்தன. அதைக் குடித்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, உடலின் நீரும் உப்பும் வெளியேறி, ஓரிரு நாட்களில் உயிர் பிரிந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலோ (ஓ.ஆர்.எஸ்.) துத்தநாக மாத்திரையோ அன்று கிடையாது. நீர் வற்றிய குழந்தையைக் கண்டபின் மருத்துவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. தாம் எப்போதும் தாமதமாகவே போய்ச் சேர்வதாகப் பேக்கர் உணர்ந்தார். அடுத்த கோடையில் நோயுறப்போகும் குழந்தை இன்று நலமாக இருக்கிறது. அதனிடம் அல்லவா போக வேண்டும்?

வேறொரு பணியும் அவருக்கு வந்தது. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1907இல் மேரி மாலன் என்னும் சமையல்காரப் பெண், நோயின் அறிகுறி ஏதுமின்றித் தம் உடலில் டைபாய்டு கிருமிகளைச் சுமந்து, வேலை செய்த வீடுகளில் நோயைப் பரப்பிவந்தது கண்டறியப்பட்டது. சோதனைக்கு மாதிரி தர அவர் மறுத்தார். காவலர்களுடன் அனுப்பப்பட்ட பேக்கர், பல மணி நேரத் தேடலுக்குப்பின் ஒளிந்திருந்தவரைக் கண்டுபிடித்து, திமிறியவரை வண்டியில் ஏற்றி, மருத்துவமனை சேரும் வரை அவர்மேல் அமர்ந்தே சென்றார். மேரி மாலன் இரு தவணைகளில் ஏறத்தாழ 26 ஆண்டுகளைத் தனிமைப்படுத்தப்பட்ட நிலையில் கழித்து 1938இல் இறந்தார். அவரைப்போல் கிருமி சுமந்த வேறு பலர் பின்னர் அடையாளம் காணப்பட்டும் இவ்வாறு அடைக்கப்படவில்லை. தந்தையையும் தம்பியையும் அதே நோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் இந்தப் பணியில் ஈடுபட்டதன் மனநிலையை நம்மால் ஊகிக்க முடியும். ஆயினும் மேரிக்கு இழைக்கப்பட்டது நியாயமா என்னும் கேள்வி இன்றும் மருத்துவ அறத்தில் எழுப்பப்படுகிறது. அடுத்த ஆண்டு பேக்கர் கையாண்ட வழியில் காவலரும் இல்லை, கட்டாயமும் இல்லை.

முப்பது செவிலியர்கள்

1908ஆம் ஆண்டுக் கோடை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதால் பள்ளி மாணவரைக் கவனித்துவந்த செவிலியர்களுள் முப்பது பேருக்கு வேலையில்லை. அவர்களைப் பேக்கர் கேட்டுப் பெற்றார். நகரத்தின் கிழக்குப் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து புதிதாகப் பிறந்த குழந்தைகளின் பெயரும் முகவரியும் உடனுக்குடன் செவிலியர்களிடம் சேரும். அவர்கள் அந்த வீட்டுக்குச் செல்வார்கள்.

சென்று என்ன செய்தார்கள்? மருந்து கொடுக்கவில்லை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றார்கள். குளிப்பாட்டுவது எப்படி என்று செய்து காட்டினார்கள். வெயில் காலத்தில் துணிமேல் துணியாகச் சுற்றாமல் மெல்லிய ஆடை போதும் என்றார்கள். சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். பிறகு மீண்டும் மீண்டும் வந்தார்கள். முதல்முறை கதவைத் திறக்கத் தயங்கிய தாய், மூன்றாம் முறை தன் ஐயங்களைக் கேட்கத் தொடங்கினாள்.

கோடை முடிந்ததும் பேக்கர் கணக்கெடுத்தார். முந்தைய கோடையோடு ஒப்பிட அந்த வட்டாரத்தில் 1,200 இறப்புகள் குறைந்திருந்தன. இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டைவிடக் குறைவு என்பது மட்டும் போதிய சான்று அன்று. அவ்வாண்டு வெப்பம் குறைவாக இருந்திருக்கலாம், அல்லது நோயே தணிந்திருக்கலாம். ஆகவே செவிலியர் செல்லாத பிற வட்டாரங்களின் கணக்கையும் அவர் பார்த்தார். அங்கே இறப்பு வழக்கம்போலவே இருந்தது. ஆதலால் வேறுபாட்டுக்குக் காரணம் செவிலியரின் வருகையே என்று அவரால் அதிகாரிகளிடம் காட்ட முடிந்தது. வீடுதோறும் குறித்து வைத்த பதிவுகள் இல்லையென்றால் அந்த முப்பது பேரும் பள்ளி திறந்ததும் பழைய வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். திட்டமும் அத்துடன் மறக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டுக்கு வரும் செவிலியர் பேச்சை நிறுத்திவிட்டுக் குறிப்பெழுதுவது சற்று எரிச்சலூட்டலாம். அந்தக் குறிப்புகளிலிருந்தே உங்கள் பகுதிக்கு என்ன தேவை என்பது தெரியவருகிறது.

அவ்வாண்டிலேயே நகரச் சுகாதாரத் துறையில் குழந்தை நலப் பிரிவு தொடங்கப்பட்டு, பேக்கர் அதன் தலைவரானார். அரசுப் பணத்தில் இயங்கிய இத்தகைய பிரிவு அமெரிக்காவில் அதுவே முதலாவது. பெண்ணின் கீழ் பணிபுரிய முடியாதென்று அவரிடம் அமர்த்தப்பட்ட ஆண் மருத்துவர்கள் ஆறு பேரும் விலக முன்வந்தனர். ஒரு மாதம் மட்டும் இருந்து பாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். மாதம் முடிந்தும் ஒருவரும் போகவில்லை.

யார் கையில் குழந்தை இருக்கிறதோ அவரிடமே

பெரும்பாலான ஏழைத் தாய்மார்க்கு அன்று பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். அவர்களைத் தடை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் பலர் வாதிட்டனர். தடை செய்தால் தாய்மார் ஆண் மருத்துவரிடம் போகமாட்டார்கள், துணையின்றித்தான் பெறுவார்கள் என்று பேக்கர் கருதினார். ஆகவே பயிற்சியும் உரிமமும் கட்டாயமாக்கினார்.

பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் குழந்தை பார்வையிழக்காமலிருக்கக் கண்களில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடப்பட்டது. ஆனால் குப்பியில் இருந்த மருந்து நாள்பட்டால் மாசடைந்தது, அல்லது நீர் ஆவியாகிக் கடுமையானது. கண்ணைக் காக்க வேண்டிய மருந்தே கண்ணைக் கெடுத்தது. தேன்மெழுகுக் கூடுகளில் ஒரு கண்ணுக்கு ஒரு கூடு என ஒரே வேளைக்கான மருந்தை அடைத்து வழங்க அவர் ஏற்பாடு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சியும் அளவு தவறாமல் பயன்படுத்த முடிந்தது. இச்செயலைப் பெருந்திட்டங்களைவிட உயர்வாகவே நாம் மதிக்கிறோம்.

தாய் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அக்காள்மார். பள்ளி வயதுச் சிறுமிகளுக்காகச் 'சிறிய தாய்மார்' கழகங்களை அவர் அமைத்துக் குழந்தை வளர்ப்பைக் கற்பித்தார். சிறுமியின் தலையில் இப்பொறுப்பைச் சுமத்துவது சரியா என்று இன்று நாம் கேட்போம். அவர் சுமத்தவில்லை, ஏற்கெனவே சுமந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அச்சிறுமிகள் கற்றதை வீட்டுப் பெரியவர்களிடமும் சொன்னார்கள்.

கைவிடப்பட்ட குழந்தைகள் தூய்மையான மருத்துவமனை அறைகளிலும் இறந்துகொண்டிருந்தன. அவர்களுக்குக் குறைவது அணைப்பு என்று பேக்கர் நினைத்தார். நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த அனுபவமுள்ள தாய்மாரிடம் அக்குழந்தைகளை வளர்க்கக் கொடுத்தபோது இறப்பு பெருமளவு குறைந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருக்குமாறு இன்று உங்களிடம் சொல்லப்படுவதற்குரிய அறிவியல் சான்றுகள் பின்னாளில் வந்தவை.

எதிர்ப்பு ஓயவில்லை. புரூக்ளின் பகுதி மருத்துவர்கள் சிலர் கூடி, குழந்தைகள் நலமாக இருப்பதால் தங்கள் தொழில் கெடுகிறதென்றும் அப்பிரிவை மூடவேண்டுமென்றும் மேயருக்கு விண்ணப்பித்தனர். தம் பணிக்கு அதைவிடச் சிறந்த பாராட்டு கிடைக்காது என்று பேக்கர் மகிழ்ந்தார். நியூயார்க் பல்கலைக்கழகம் விரிவுரையாற்ற அழைத்தபோது, பெண்களை மாணவராகச் சேர்க்காத இடத்தில் கற்பிக்க மாட்டேன் என்று மறுத்தார். வேறு தகுந்த ஆள் கிடைக்காமல் பல்கலைக்கழகம் இறங்கிவந்தது. 1917இல் அவரே அங்கு பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது, போர்முனையில் இறக்கும் வீரரின் விகிதத்தைவிட அமெரிக்காவில் இறக்கும் குழந்தைகளின் விகிதம் கூடுதல் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். நாளிதழ்கள் அதை வெளியிட்டபின்தான் பலருக்கு உறைத்தது.

1923இல் அவர் ஓய்வு பெற்றபோது, அமெரிக்கப் பெருநகரங்களுள் குழந்தை இறப்பு விகிதம் மிகக் குறைந்த நகரமாக நியூயார்க் இருந்தது. பிற மாநிலங்களும் அதே அமைப்பைப் பின்பற்றின. தாம் செய்தவற்றை ஐந்து நூல்களிலும் ஏராளமான கட்டுரைகளிலும் எழுதி வைத்தார். அவற்றுள் தாய்மார் படிப்பதற்காக இதழ்களில் எழுதியவை மிகுதி.

உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கண்கள் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், பால் குடிக்க மறுத்தல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செவிலியர் அடுத்த முறை வரும்போது, கேட்க நினைத்தவற்றை முன்னதாகவே எழுதி வைத்திருங்கள்.

பேக்கர் 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். அவர் செவிலியர்களை அனுப்பிய முதல் கோடையில் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது முப்பத்தாறு வயது.