இருளில் மானைக் கண்டவர்: ஜார்ஜ் ஷைராஸ்

இக்காலத்து அமெரிக்க வேட்டைக்காரர், மான் நடமாடும் காட்டுத் தடங்களில் ஒரு சிறு பெட்டியை மரத்தில் கட்டிவைத்துவிட்டு வீடு திரும்பிவிடுகின்றனர். அது தானே இயங்கும் காமிரா. மான் அவ்வழியே வருங்கால், அதன் உடல் வெப்பமும் அசைவும் பெட்டியினுள் உள்ள உணர்கருவியைத் தூண்ட, படம் பதிவாகிவிடும். எந்த மான், எத்தனை மணிக்கு, எத்திசையில் சென்றது என்பதைப் படங்களால் அறிந்துகொண்டு, பின்னர்த் துப்பாக்கியுடன் வந்து காத்திருக்கின்றனர். காட்டு விலங்கு தன் படத்தைத் தானே எடுக்கும்படி செய்யும் இவ்வுபாயத்தின் முன்னோடிகளுள் தலையாயவர் ஜார்ஜ் ஷைராஸ். வேட்டைக்காரராயிருந்த அவர், துப்பாக்கியை ஒதுக்கிவைத்துவிட்டு மானை நாடிச் செல்லவே இதனைக் கையாண்டார் என்பதுதான் வியப்பு. அவர் வரலாற்றை நம் குடும்பத்தார் அறிந்துகொள்ளல் நன்று எனக் கருதுகிறோம்.

ஷைராஸ் 1859ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில், இன்று பிட்ஸ்பர்க் மாநகரின் பகுதியாக உள்ள அலெகெனி நகரில் பிறந்தார். பாட்டனார் பெயர், தந்தையார் பெயர், இவர் பெயர் மூன்றும் ஒன்றே. ஆதலால் தம் பெயருக்குப் பின் மூன்று என்னும் எண்ணைச் சேர்த்தே எழுதிவந்தார். பாட்டன் பெயரைத் தாங்குவதாலன்றோ பேரன் என்கிறோம்! அவ்வழக்கம் அந்நாட்டிலும் உண்டு. தந்தையார் புகழ்பெற்ற சட்ட அறிஞர்; 1892 முதல் 1903 வரை அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியாய் விளங்கினார். மகனும் கார்னெல், யேல் பல்கலைக்கழகங்களில் பயின்று வழக்குரைஞரானார்.

சட்டம் குலத்தொழில் எனில், வேட்டையும் மீன்பிடித்தலும் அக்குடும்பத்தின் கோடைக்காலப் பொழுதுபோக்கு. மிச்சிகன் மாநிலத்தின் வடபால், சுப்பீரியர் என்னும் பேரேரியின் கரையில் மார்க்கெட் என்றொரு சிறு நகரம் உள்ளது. (சந்தையைக் குறிக்கும் சொல் அன்று இது, பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் பெயர்.) 1870ஆம் ஆண்டு, தம் பதினோராம் வயதில், ஷைராஸ் முதன்முறை அங்குச் சென்றார். அதன்பின் அவ்விடமே அவருடைய மனத்தின் ஊராயிற்று. அந்நகரப் பெருஞ்செல்வர் பீட்டர் ஒயிட் என்பாரின் மகளை 1885இல் மணந்ததும் அத்தொடர்பாலேதான். நகருக்குக் கிழக்கே காட்டினுள் ஒயிட்பிஷ் ஏரி என்னும் சிறிய ஏரியொன்றுண்டு. அதன் கரையில் ஒரு குடில் அமைத்துக்கொண்டு ஆண்டுதோறும் தங்கிவந்தார்.

அந்த ஏரியில் அவர் பழகியது இரவு வேட்டை. ஓஜிப்வா என்னும் தொல்குடியினரிடமிருந்து வந்த முறை அது. சிறு தோணியின் முன்முனையில் ஒரு சட்டியில் நெருப்பை மூட்டி வைப்பர். பிற்காலத்தில் நெருப்புக்குப் பதிலாக விளக்கு வந்தது. ஒருவர் ஓசையின்றித் துடுப்புப் போடுவார். மற்றொருவர் விளக்கின் பின்னே, இருளில், துப்பாக்கியுடன் அமர்ந்திருப்பார். கோடை இரவுகளில் நீர்த்தாவரங்களை மேய்வதற்காக மான்கள் ஏரிக்கரைக்கு வரும். நீரின்மீது மெல்ல நகர்ந்துவரும் ஒளியைக் கண்டு அவை ஓடுவதில்லை. தலைநிமிர்ந்து ஒளியையே உற்று நோக்கி அசையாது நிற்கும். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஆடி போன்றதொரு படலம் உண்டு. உள்ளே சென்ற ஒளியை அது திருப்பி அனுப்புவதால், இருளில் இரு கனல்துளிகள் போல் கண்கள் ஒளிரும். வேட்டைக்காரருக்கு மானின் உருவம் தெரிய வேண்டுவதில்லை. அவ்விரு துளிகளுக்கு நடுவே குறிபார்த்தால் போதும்.

இம்முறையைப் பற்றி ஒரு சொல். ஒளியைத் தொடர்ந்து தீங்கு வரும் என்பது மானின் பட்டறிவில் இல்லை. ஒளிக்குப் பின்னால் இருப்பவனை அது காணவும் இயலாது. அதன் வியப்பையே அதற்கு வலையாக்கும் முறை இது. இன்று அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் விளக்கேந்தி மானைச் சுடுவது சட்டப்படி குற்றம்.

ஷைராஸ் 1889ஆம் ஆண்டுவாக்கில் காமிராவைக் கையில் எடுத்தார். திருமண விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலத்தைக் கேட்ட அக்கணமே தேரைத் திருப்பிய நேமிநாதர் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய உடனடித் துறவு எதுவும் இவர் வாழ்வில் நிகழவில்லை. வேட்டையில் அவருக்கு உவப்பளித்தவை தேடலும், காத்திருத்தலும், விலங்கின் இயல்பறிந்து அதனை நெருங்குதலுமே. அவ்வளவையும் காமிராவாலும் பெறலாம், முடிவில் மான் உயிருடன் திரும்பிச் செல்லும் என்பதைச் சிறிது சிறிதாகக் கண்டுகொண்டார். பழக்கம் அறிவால் மாறிற்று எனலாம். அம்மாற்றத்திற்குப் பல ஆண்டுகள் ஆயின.

பகலில் மறைந்திருந்து படமெடுத்தவர், விரைவிலேயே தம் பழைய இரவு வேட்டையின் நினைவால் தோணிக்குத் திரும்பினார். தோணி அதுவே, விளக்கு அதுவே, துப்பாக்கி இருந்த இடத்தில் மட்டும் காமிரா. ஜான் ஹாமர் என்பவர் நெடுங்காலம் உடனிருந்து தோணி செலுத்தினார். இருளில் படமெடுக்க வேறு ஒளி வேண்டுமே! மின்விளக்குச் சாதனங்கள் காட்டிற்கு எட்டாத காலம் அது. மக்னீசியப் பொடியைப் பற்றவைத்தால் கண்ணைக் கூசவைக்கும் வெண்ணொளி ஒரு கணம் வெடித்தெழும். அதையே பயன்படுத்தினார். கையருகே பொடி வெடிக்கும். ஆடுந்தோணியில் கண்ணாடித் தகடுகள் உடையாது காக்கப்பட வேண்டும். ஓர் ஒளிவெடிப்பு வீணானால் அவ்விரவே வீண். இவ்வாறு 1890களில் அவர் எடுத்த படங்கள், இரவில் காட்டு விலங்குகளை ஒளிவெடிப்பால் எடுத்த தொடக்கக் காலப் படங்களுள் அடங்கும்.

அடுத்து வந்ததே நாம் தொடக்கத்தில் குறித்த உபாயம். விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் காமிராவுடனும் ஒளிவெடிப்புக் கருவியுடனும் இணைத்துவிட்டு அவர் குடிலுக்குச் சென்றுவிடுவார். சில வேளைகளில் இரையும் வைப்பதுண்டு. விலங்கின் கால் கயிற்றில் பட்டதும் ஒளி வெடிக்கும்; படம் பதியும். மனிதர் எவரும் அருகில் இல்லாத காட்டில் விலங்கு எவ்வாறு இருக்கிறது என்பதை உலகம் இத்தகைய படங்களால்தான் காணத் தொடங்கிற்று.

மான் இதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டது? இக்கேள்வியை ஷைராசே எழுப்பி, விடை காணவும் ஒரு வழி செய்தார். இரண்டு காமிராக்களையும் இரண்டு ஒளிவெடிப்புகளையும் அடுத்தடுத்து இயங்குமாறு அமைத்தார். முதற்படத்தில் மான் அமைதியாய் நிற்கும். அவ்வொளி கண்டு திடுக்கிட்ட மானை அடுத்த நொடியில் இரண்டாம் படம் பிடிக்கும். இரவின் கருமையில், நான்கு கால்களும் தரையில் படாமல், மான்கள் பாய்ந்தோடும் படம் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. காண்பவர் அதன் அழகில் மயங்குவர். நம்மைப் போன்றவர் சற்று நின்று எண்ண வேண்டிய படமும் அதுவே. அம்மான்கள் அஞ்சி ஓடுகின்றன. நால்வகைத் தானங்களுள் அபயதானம் ஒன்று என்று கற்றிருக்கிறோம். ஷைராஸ் மானுக்கு உயிரை அளித்தார். அபயத்தை அளித்தாரா என்று கேட்டால், இல்லை என்றே அந்த இரண்டாம் படம் சொல்கிறது. ஆயினும், துப்பாக்கி வெடித்திருந்தால் அந்த மான் ஓடியிராது என்பதையும் மறத்தலாகாது. இவ்விரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும் என்பது நம் கருத்து.

மக்னீசியப் பொடியின் காலம் மறைந்தபின்னரும் அச்சம் முற்றும் மறையவில்லை. வெண்ணொளி மானை வெருட்டுகிறது என்பதால், மனிதக் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அகச்சிவப்பு ஒளியைப் பிற்காலத்தார் காமிராக்களில் அமைத்தனர். மானின் கண் நீலத்தை நன்கு காணும். சிவப்பை அவ்வளவாகக் காணாது. எனவே மானுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பினர். ஆனால் இத்தகைய காமிராக்கள் எழுப்பும் நுண்ணொலிகளைப் பல பாலூட்டிகள் கேட்க இயலும் என்றும், அகச்சிவப்பு ஒளியையும் சில விலங்குகள் கண்டுகொள்கின்றன என்றும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் 2014இல் வெளியிட்டனர். மோப்பமோ மானுக்குக் கண்ணைவிடக் கூர்மையானது. பெட்டியைக் கட்டியவரின் கைம்மணம் அதில் ஒட்டியிருக்கும். நேற்று இல்லாத பொருள் இன்று மரத்தில் இருப்பதையும் மான் கவனிக்கிறது. சில மான்கள் காமிராவை நேரே உற்று நோக்குகின்றன; சில முன்காலால் தரையை உதைத்து, மூச்சைச் சீறி, வாலின் வெண்மையை உயர்த்திக் காட்டி விலகுகின்றன. அப்பக்கமே திரும்பாமல் மேய்ந்துகொண்டிருப்பனவும் உண்டு. எல்லா மான்களும் ஒரே விதமாய் நடப்பதில்லை. வகுப்பில் உள்ள பிள்ளைகள் அனைவரும் ஒரே விதமாய் நடப்பதுண்டோ!

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஷைராஸின் நள்ளிரவுப் படங்கள் தங்கப் பதக்கம் பெற்றன. 1904இல் செயின்ட் லூயி பொருட்காட்சியிலும் பரிசு கிடைத்தது. எனினும் அவர் பெயர் பரவியது 1906 சூலையில்தான். நேஷனல் ஜியாகரபிக் என்னும் இதழின் ஆசிரியர் கில்பர்ட் குரோவனர், ஒரே இதழில் அவருடைய 74 படங்களை வெளியிட்டார். அறிவியல் ஏடு படப்புத்தகம் ஆகிவிட்டது என்று வெகுண்டு, கழகத்தின் ஆட்சிக்குழு உறுப்பினர் இருவர் பதவி விலகினர். பொதுமக்களோ விரும்பி வரவேற்றனர். அவ்விதழ் இன்று உலகெங்கும் படங்களுக்காகவே போற்றப்படுகிறது. விலகியவர்கள் பின்னாளில் என்ன எண்ணினரோ! அப்போது குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், இவற்றையெல்லாம் நூலாக்குமாறு ஷைராஸை வற்புறுத்தினார். அந்நூல் இரண்டு தொகுதிகளாய் 1935இல்தான் வெளிவந்தது. அப்பொழுது ஷைராசுக்கு வயது 76. ரூஸ்வெல்ட் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் செய்த மற்றொரு பெரும்பணியை அந்நாட்டிலேயே பலர் அறியார். 1903 முதல் 1905 வரை ஒரே ஒரு தவணை அவர் அமெரிக்கக் காங்கிரஸ் அவையின் உறுப்பினராயிருந்தார். ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு பறக்கும் பறவைகளைத் தனித்தனி மாநிலச் சட்டங்களால் காக்க இயலாது. ஒரு மாநிலத்தில் தப்பியது அடுத்த மாநிலத்தில் மடியும் என்று உணர்ந்து, வலசைப் பறவைகளை மைய அரசின் காவலில் கொணரும் மசோதாவை 1904இல் முன்மொழிந்தார். அன்று அது நிறைவேறவில்லை. அதன் வழியில் அமைந்த சட்டம் 1913இல் வந்தது. 1914இல், ஒருகாலத்தில் வானையே மறைத்துப் பறந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. 1916இல் கனடாவின் பொருட்டுப் பிரிட்டனுடன் உடன்படிக்கையும், 1918இல் அதனைச் செயற்படுத்தும் சட்டமும் ஏற்பட்டன. இச்சட்டங்களும் வேட்டையை அறவே தடுத்தவை அல்ல. பருவமும் வரம்பும் வகுத்தவையே. ஷைராசும் கொல்லாமையை முழு அறமாய் ஏற்றவர் அல்லர். இல்லாத பெருமையை அவர்மேல் ஏற்ற வேண்டுவதில்லை. வரம்பின்றிக் கொன்றுகுவித்த ஒரு காலத்தில், அதே வேட்டைக் கூட்டத்தினுள்ளிருந்து எழுந்து, போதும் என்று சொன்னவர் அவர்.

எல்லோஸ்டோன் பகுதியில் அவர் ஆராய்ந்த மூஸ் என்னும் பெருமான் வகைக்கு 1914இல் அறிவியலார் அவர் பெயரையே சூட்டினர். நம் பாரத நாட்டிலும், சிவாலிக் அடிவாரக் காடுகளில், சாம்பியன் என்னும் வன அதிகாரி 1920களில் இதே கயிற்று முறையால் இரவில் புலிகளைப் படமெடுத்தார். அவரும் துப்பாக்கியைவிடக் காமிராவை விரும்பியவரே.

காமிராக்கள் கைப்பேசிக்குப் படம் அனுப்பும் காலம் வந்தபின், ஷைராஸின் ஊரார் பலரும் எதிர்பாராத ஒரு வழக்கு எழுந்தது. நீர்நிலை ஒவ்வொன்றிலும் காமிரா இருந்தால் மானுக்குத் தப்பும் வழி ஏது என்று வேட்டைக்காரருள்ளேயே சிலர் கேட்டனர். வறண்ட அரிசோனா மாநிலம், வேட்டைக்குத் துணையாக இக்காமிராக்களைப் பயன்படுத்துவதை 2022 சனவரி முதல் தடைசெய்தது.

ஷைராஸ் 1928ஆம் ஆண்டில் தம் கண்ணாடித் தகட்டுப் படங்கள் 2,400ஐ நேஷனல் ஜியாகரபிக் கழகத்திற்கு நன்கொடையாய் அளித்தார். 1942 மார்ச் 24ஆம் நாள், தம் 83ஆம் வயதில், மார்க்கெட் நகரில் காலமானார். 2015இல் பாரிஸ் நகரத்தார் அவருடைய இரவுப் படங்களைத் திரட்டிக் கண்காட்சி ஒன்று நடத்தினர். அது நடைபெற்ற இடம், வேட்டைக்கும் இயற்கைக்குமென அங்கு அமைந்துள்ள அருங்காட்சியகம். பழைய துப்பாக்கிகளும் பாடம் செய்த மான் தலைகளும் உள்ள அக்கட்டடத்தில், ஏரிக்கரையில் நின்று விளக்கை உற்று நோக்கும் மான்களின் படங்கள் தொங்கவிடப்பட்டிருந்தன.