பிறப்பும் தொண்டும்: ஹென்ரிக்கஸ் பாதிரியார்

தமிழ் எழுத்தில் முதன் முதல் புத்தகம் அச்சிட்டவர் யார் என்று கேட்டால், ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துக்கேசியப் பாதிரியார் என்று சரித்திரம் கற்றவர்கள் உடனே விடை கூறுவார்கள். அவர் எக்குலத்தில் பிறந்தவர் என்று நம்மவர் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவர் பிறந்த தேசத்தில் அதுவே முதற் கேள்வியாக இருந்தது. அக்கேள்வி அவரை ஒரு மடத்திலிருந்து வெளியேற்றியது. அவர் சேர்ந்த சபையிலும் அவருடைய இறுதிக் காலம் வரையில் அடங்கவில்லை. ஜாதி என்னும் நோயை இன்னும் முற்றும் களையாத நாட்டில் வாழும் நாம் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நலம்.

ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் யூதர்கள் பல நூற்றாண்டுகள் குடியிருந்தார்கள். வைத்தியம், வாணிகம், கல்வி ஆகிய துறைகளில் அவர்கள் சிறந்து விளங்கினர். 1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசர்கள், ஞானஸ்நானம் பெறாத யூதர் அனைவரும் நாட்டை விட்டு நீங்க வேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார்கள். அவர்களில் பலர் எல்லை தாண்டிப் போர்த்துக்கலில் அடைக்கலம் புகுந்தனர். அங்கும் அமைதி நீடிக்கவில்லை. 1497-ஆம் ஆண்டில் மானுவல் அரசர் யூதர் யாவரையும் பலாத்காரமாகக் கிறிஸ்தவராக்கினார். மதம் மாறிய அவர்களுக்கும் அவர்கள் சந்ததியாருக்கும் புதுக் கிறிஸ்தவர் என்ற பெயர் வழங்கலாயிற்று. மாறும்படி நிர்ப்பந்தித்தவர்களே, மாறியவர்களை நம்ப மறுத்தார்கள். 1506-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் ஜனக்கூட்டம் ஒன்று வெறி கொண்டு புதுக் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தது. 1536-ஆம் ஆண்டில் இன்க்விசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம் போர்த்துக்கலில் நிறுவப்பட்டது. இரகசியமாக யூத ஆசாரங்களை அனுசரிப்பவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதே அதன் முதல் வேலை. தூய இரத்தம் என்று ஒரு சித்தாந்தம் கிளம்பிற்று. பாட்டனும் முப்பாட்டனும் யாரென்று ஆராய்ந்த பின்னரே உத்தியோகமும் மடங்களில் இடமும் கொடுக்கும் வழக்கம் பரவியது. ஞானஸ்நானத்தின் நீர் பாவத்தைக் கழுவும், பிறப்பைக் கழுவாது என்ற விசித்திரமான கொள்கை இவ்வாறு வேரூன்றிற்று.

இச்சூழ்நிலையில்தான் 1520-ஆம் ஆண்டில், விலா விசோசா என்னும் ஊரில், புதுக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் ஹென்ரிக்கஸ் பிறந்தார். இளமையிலேயே துறவறத்தை விரும்பி பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தார். அவருடைய யூத வம்சம் தெரிய வந்தபோது அச்சபையை விட்டு விலக நேர்ந்தது. பிறகு கோயிம்ப்ராவில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545-ஆம் ஆண்டில் அந்நகரிலேயே சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது.

சேசு சபை அப்போது பிறந்து ஐந்தே ஆண்டுகளான குழந்தை. அதன் ஸ்தாபகரான இக்னேஷியஸ் லொயோலா தூய இரத்தக் கொள்கைக்குச் செவி சாய்க்காதவர். ஒருவரைச் சபையிற் சேர்க்கும்போது அவருடைய பக்தியையும் ஆற்றலையும் பார்க்க வேண்டுமே அல்லாமல் வம்சத்தை அளவுகோலாக்கலாகாது என்பது அவர் கருத்து. அரசர்களும் பிரபுக்களும் அதிருப்தி காட்டியும் அவர் அந்நிலையிலிருந்து வழுவவில்லை. அவருக்குப் பின் சபையின் தலைமையை வகித்த டியேகோ லைனஸ் என்பவரே யூத வம்சத்தவர். மற்ற மடங்கள் சாத்திய கதவை இச்சபை திறந்து வைத்ததனால்தான், கற்றோரும் திறமையுடையோருமான புதுக் கிறிஸ்தவர் பலர் அதில் வந்து சேர்ந்தனர்.

1546-ஆம் ஆண்டில் ஹென்ரிக்கஸ் கப்பலேறிக் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். முத்துக்குளிக்கும் உரிமை சம்பந்தமாக ஏற்பட்ட சச்சரவுகளில் போர்த்துக்கேசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் அமைத்து, மனனம் செய்து, ஊர் ஊராகக் கற்பித்துச் சென்றார். ஆனால் ஜனங்களின் பாஷையை அறியாமல் இவ்வேலை நிலைக்காது என்பதை அவர் உணர்ந்தார். தமிழைக் கற்கும் பொறுப்பை ஹென்ரிக்கஸிடம் ஒப்புவித்தார்.

அக்காலத்தில் ஓர் ஐரோப்பியருக்குத் தமிழ் கற்க அகராதியும் இல்லை. அவர் வாசிக்கக்கூடிய இலக்கண நூலும் இல்லை. கடற்கரைச் சிற்றூர்களில் மீனவர்களும் முத்துக்குளிப்போரும் பேசும் பேச்சைக் காதாற் கேட்டு, வினைச்சொற்களின் திரிபுகளையும் வேற்றுமைகளையும் அவர் ஒழுங்குபடுத்திக்கொண்டார். சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசவும் எழுதவும் தேர்ந்தார். தாம் கண்ட விதிகளையெல்லாம் தொகுத்துப் போர்த்துக்கேசிய பாஷையில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கணங்களில் காலத்தால் முந்தியது அதுவே. அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் உள்ள தேசிய நூல்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு, 1982-ஆம் ஆண்டில் அச்சேறியது.

1549-ஆம் ஆண்டில் வேதாளையில் நிகழ்ந்த தாக்குதலில், அப்பிரதேசத்துச் சேசு சபையாரின் தலைவரான அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருடைய ஸ்தானத்துக்கு மற்றப் பாதிரிமார் ஹென்ரிக்கஸையே தேர்ந்தெடுத்தார்கள். வம்சத்தின் காரணமாக ஒரு மடத்தில் சாதாரணத் துறவியாக இருக்கவும் அருகரல்லர் என்று தள்ளப்பட்டவர், முத்துக்குளித்துறை முழுவதற்கும் தலைவரானார். 1576 வரையில் அப்பொறுப்பை வகித்தார். புன்னைக்காயலைத் தமது இருப்பிடமாகக் கொண்டு, ஏழை நோயாளிகளுக்காக அங்கு ஒரு வைத்தியசாலையை ஏற்படுத்தினார். புதிதாக வரும் பாதிரிமார் தமிழ் கற்றே தீரவேண்டும் என்று வற்புறுத்தினார்.

அவருடைய பெயரை நிலைநிறுத்திய காரியம் அச்சு. கோவாவில் 1556-ஆம் ஆண்டிலேயே அச்சுயந்திரம் இயங்கத் தொடங்கியது. ஆயினும் இந்திய பாஷை எதற்கும் அச்செழுத்து வார்க்கப்படவில்லை. 1577-இல் கோவாவிலும், அடுத்த ஆண்டில் கொல்லத்திலும் தமிழ் எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற பதினாறு பக்கச் சிறு நூல் வெளிவந்தது. இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் முதலாவது இதுவே. மறு ஆண்டில் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறு வெளியாயிற்று. இந்நூல்களில் பண்டிதர் நடை காணப்படாது. கடற்கரை மக்களின் பேச்சு வழக்கே அவற்றில் மிகுதி. நானூறு ஆண்டுகளுக்கு முன் சாமானிய ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு அதுவே அவற்றின் பெருமை.

இவ்வேலையில் அவருக்குத் துணை நின்றவர்களுள் பெரோ லூயிஸ் என்பவர் குறிப்பிடத் தக்கவர். பிராமண குலத்திற் பிறந்து கிறிஸ்தவரான இவரே சேசு சபையில் அனுமதிக்கப்பட்ட முதல் இந்தியர். ஐரோப்பாவில் தீண்டத் தகாததாக மதிக்கப்பட்ட வம்சத்தில் வந்த ஒருவரும், இந்தியாவில் உயர்ந்ததாக மதிக்கப்பட்ட வம்சத்தில் வந்த ஒருவரும் ஒரே பணியில் அருகருகே உழைத்தனர். ஆனால் பெரோ லூயிஸுக்குப் பிறகு இந்தியரைச் சேர்க்கச் சபையின் மேலோர் இசையவில்லை. அங்கே இரத்தத்தின் பெயரால் பேசிய கொள்கை, இங்கே தேசத்தின் பெயரால் பேசலாயிற்று.

1560-ஆம் ஆண்டில் இன்க்விசிஷன் கோவாவுக்கும் வந்து சேர்ந்தது. அதன் கையிற் சிக்கியவர்களில் கடல் கடந்து வந்த புதுக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். சபைக்குள்ளும் காற்று மாறிற்று. லொயோலாவின் காலம் கழிந்தது, லைனஸ் மறைந்தார். 1593-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கூடிய சபையின் பொது மகாநாடு, யூத வம்சத்தாரையும் முஸ்லிம் வம்சத்தாரையும் இனிச் சபையிற் சேர்க்கலாகாது என்று தீர்மானித்தது. அத்தீர்மானம் நிறைவேறிய நாளில் ஹென்ரிக்கஸ் எழுபது வயது கடந்த கிழவர். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்க் கடற்கரையிலேயே வாழ்ந்தவர். சபையின் கீர்த்தியைக் கீழ்த்திசையில் வளர்த்தவரைப் போன்ற ஒருவர், அன்று புதிதாக வந்து வாயிலில் நின்றிருந்தால் அவருக்குக் கதவு திறந்திராது. 1600-ஆம் ஆண்டில் அவர் உயிர் நீத்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். 1608-இல் அத்தடை ஐந்தாவது தலைமுறை வரை என்று தளர்த்தப்பட்டது. அதை அடியோடு நீக்க 1946-ஆம் ஆண்டு வரையிற் பிடித்தது. ஜெர்மனியின் இரத்த சித்தாந்தம் அறுபது லட்சம் யூதர்களைப் பலி கொண்டு ஓய்ந்த மறு ஆண்டு அது.

இவரைப் போற்றுவதில் சுதேச அபிமானிகளுக்கு ஒரு தயக்கம் உண்டாகலாம். அவர் அந்நிய ஆதிக்கத்தின் நிழலில் வந்தவர். நம் சமயங்களைப் பொய்யென்று கருதியவர். தமிழுக்குத் தொண்டு செய்வதற்காக அவர் கடல் கடக்கவில்லை. தம் மதத்தைப் பரப்புவதற்காகத் தமிழைக் கற்றார். பலாத்காரமாக மதம் மாற்றப்பட்ட குலத்தில் உதித்தவர், பிறரை மதம் மாற்றும் பணிக்கே தம்மை அர்ப்பணித்தார் என்பதும் சிந்திக்கத் தக்கது. இவற்றுள் எதையும் மறைக்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி கூறுவதால் ஒருவருடைய உண்மையான பெருமை குறையாது. ஏழைப் பரதவரின் பேச்சை இலக்கணத்துக்கு உரியதென மதித்ததும், அதை அச்சேற்றியதும் அவர் செய்த காரியங்கள். அவற்றின் பலன் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாயிற்று.

பிறப்பைக் கொண்டு மனிதரை விலக்கும் சமூகம், விலக்கப்படுகிறவனுக்கு மாத்திரம் தீங்கு செய்வதாக நினைக்கிறது. தான் இழப்பது எவ்வளவு என்று அது கணக்கிடுவதே இல்லை. பிரான்சிஸ்கன் சபை கைவிட்டவரை இன்னொரு சபை ஏற்றுக்கொண்டபடியால் தமிழுக்கு அச்சு கிடைத்தது. அவ்வாறு ஏற்பாரின்றிப் போனவர் எத்தனை பேர்? நம் கிராமங்களிலும் சேரிகளிலும், பள்ளிக்கூட வாசலிலும் கோயில் வாசலிலும், பாட்டன் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் எத்தனை ஹென்ரிக்கஸ்கள் இருந்திருப்பார்கள்? தீண்டாமை 1950 முதல் அரசியல் சாசனத்தால் ஒழிக்கப்பட்டிருக்கிறது. மனத்திலிருந்து அதை ஒழிக்கும் பொறுப்பு நம்முடையது. அச்சுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுக்கும் தமிழர் ஒவ்வொருவரும், அப்பொறுப்பை நினைவிற் கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.