ரிவால்வர் ராஜா கோல்ட்: மெஷின்கள் நிறைந்த ஆலையில் அரத்துக்கு என்ன வேலை?

பைக்கில் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டதா? கடைக்குப் போய் மாடல் பெயரைச் சொன்னால் பார்ட் கையில். அது எந்த வண்டிக்காகச் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. 200 வருஷத்துக்கு முன்பு துப்பாக்கிக்கு இந்த வசதி கிடையாது. ஒரு பிஸ்டலின் விசை உடைந்தால், பக்கத்தில் இருக்கும் அதே மாதிரி பிஸ்டலின் விசையைக் கழற்றி மாட்ட முடியாது. ஒவ்வொரு பாகமும் அந்த ஒரு துப்பாக்கிக்காக மட்டுமே அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவிச் செய்தது. எல்லைப் போர்முனையில் உடைந்தால் துப்பாக்கி வெறும் இரும்புதான்.

இந்த நிலையை மாற்றியவர்கள் என்று சொல்லப்படும் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவர் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட். (தங்கம் இல்லை, குடும்பப் பெயர்.) அந்தப் புகழில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவாரஸ்யம்.

1814-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். படிப்பில் நிலைக்கவில்லை. 1830-ல் 16 வயதில் கப்பல் வேலைக்கு அனுப்பினார்கள். கப்பல் போன இடம் நம்ம கல்கத்தா! அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளை கொண்ட துப்பாக்கியின் மாதிரியை மரத்தில் செதுக்கினார்.

மரத்தை இரும்பாக்கப் பணம் வேண்டுமே. ஊர் திரும்பியவர் ‘கல்கத்தா டாக்டர்’ என்று பட்டம் போட்டுக்கொண்டு, பெயரின் எழுத்தையும் கொஞ்சம் மாற்றி, ஊர் ஊராகச் சிரிப்பு வாயு காட்சி நடத்தினார். டாக்டர் பட்டமெல்லாம் சும்மா. அதில் வந்த காசு துப்பாக்கிக் கொல்லர்களுக்குப் போனது. ஹார்ட்ஃபோர்டில் ஆன்சன் சேஸ், பால்டிமோரில் ஜான் பியர்சன். கோல்ட் யோசனை சொல்ல, பட்டறையில் அரம் பிடித்தவர்கள் இவர்கள். பியர்சனுக்குக் கூலி நேரத்துக்கு வரவில்லை, சண்டை வந்தது. ஆனா 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கோல்ட் பெயரில் பதிவானது. பியர்சன் பெயர் இன்று ஆர்வலர்களுக்கு மட்டுமே தெரியும்.

அதே ஆண்டு நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய கம்பெனி 1842-ல் இழுத்து மூடப்பட்டது. காப்பாற்றியது போர். மெக்சிகோ போரின்போது, டெக்சாஸ் ரேஞ்சர் படையில் இருந்து ராணுவத்துக்கு வந்த சாமுவேல் வாக்கர், 1847-ல் 1,000 ரிவால்வருக்கு ஆர்டர் கிடைக்க வழி செய்தார். ரேஞ்சர்கள் அதற்கு முன்பே பேட்டர்சன் ரிவால்வர்களை கமாஞ்சி பழங்குடிகள் மீது பயன்படுத்திப் பழகியவர்கள். கோல்டின் வியாபாரம் யாருடைய ரத்தத்தில் வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆர்டர் வந்தபோது கோல்டிடம் தொழிற்சாலையே கிடையாது. எலி விட்னியின் மகன் நடத்திய ஆலையில் செய்து கொடுத்தார். பிறகு ஹார்ட்ஃபோர்டில் சொந்தமாக இறங்கினார்.

அங்கே அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், கோடாரி கம்பெனியில் இருந்த எலிஷா ரூட்டை 1849-ல் அழைத்துவந்தது. ஆலையை மெஷின்களால் நிரப்பியவர் ரூட். 1853-ல் லண்டனிலும் கிளை. 1855-ல் ஹார்ட்ஃபோர்டில் நீலக் குவிமாடம் வைத்த பிரம்மாண்ட ஆலை. பார்க்க வந்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

அரம் எங்கே வருகிறது?

ரிவால்வரில் சுத்தியைப் பின்னால் இழுத்தால் ஒரு சின்ன இரும்பு நாக்கு உருளையைத் தள்ளிச் சுழற்றும். குண்டு இருக்கும் அறை குழலுக்கு நேராக வரும் அதே நொடியில், கீழிருந்து ஒரு பூட்டு எழுந்து உருளையின் பள்ளத்தில் விழ வேண்டும். நாக்கு கொஞ்சம் குட்டையாக இருந்தால் அறை குழலுக்கு நேராக வராது. சுட்டால் குண்டு குழல் விளிம்பில் சீவிக்கொண்டு போகும். நீளமாக இருந்தால் சுத்தியை முழுசாக இழுக்கவே முடியாது. வித்தியாசம் ஒரு முடி அளவுதான்.

அன்றைய மெஷின்கள் இந்த அளவை ஒவ்வொரு முறையும் சரியாகக் கொடுக்கவில்லை. அதனால் பாகத்தைக் கொஞ்சம் கூடுதல் கனத்தில் விட்டுவிட்டார்கள். மீதியை ஃபிட்டர் பார்த்துக்கொள்வார். இரும்பு இன்னும் மென்மையாக இருக்கும்போதே பாகங்களைச் சேர்த்துப் பார்த்து, உரசும் இடத்தை மட்டும் ராவுவார். எங்கே உரசுகிறது என்று பார்க்க, கைப்பொருத்து வேலையில் ஒரு பழைய வழி உண்டு: பாகத்தில் விளக்குக் கரி பூசி மாட்டிக் கழற்றினால் இடிக்கும் இடம் பளிச்சென்று தெரியும். ஒரு தேய்ப்பு அதிகமானால் பாகம் வீண். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதே.

எல்லாம் பொருந்திய பிறகு முக்கியப் பாகங்களில் ஒரே நம்பரைக் குத்துவார்கள். பிரித்து, சூடேற்றிக் கடினப்படுத்தி, மெருகு ஏற்றி, கடைசியில் அந்த நம்பரைப் பார்த்து மறுபடி சேர்ப்பார்கள். பாகங்கள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று மாற்றக்கூடியவையாக இருந்திருந்தால், இந்த நம்பர் பொருத்தம் எதற்கு?

லண்டனில் விஷயம் வெளியே வந்தது. 1854-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஆயுதத் தயாரிப்பை விசாரித்தது. கோல்ட் சாட்சி சொன்னார். அவரது லண்டன் ஆலையில் பொறுப்பில் இருந்த ஒருவரோ, பாகங்கள் மாற்றிப் போடும் அளவுக்கு ஒன்றுபோல இல்லை என்று சொன்னார்.

இதை மோசடி என்று எழுதுவது சுலபம். ஆனா கணக்கைப் பாருங்கள். அரசின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆலையில் ஜான் ஹால் 1820-களிலேயே மாற்றக்கூடிய பாகங்களுடன் ரைஃபிள் செய்து காட்டிவிட்டார். அதற்கான அளவுகோல்களுக்கும் நேரத்துக்கும் பணம் கொடுத்தது அரசு. கோல்ட் வியாபாரி. முக்கால்வாசி வேலையை மெஷினில் முடித்து மிச்சத்தை அரத்திடம் விடுவது அவருக்கு மலிவு. இந்தக் கலவையில்தான் 1851-ல் வந்த ‘நேவி’ மாடல் 2 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

உள்நாட்டுப் போர் மூளும்வரை வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் விற்றார். 1862 ஜனவரியில் 47 வயதில் இறந்தார். 1864-ல் ஆலை தீப்பிடித்து எரிய, மனைவி எலிசபெத் மீண்டும் கட்டியெழுப்பினார். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 பிஸ்டலைத் தயாரித்ததும் இதே கம்பெனிதான். அந்த மாடலைப் போட்டிகளுக்காகத் தனியாகச் செய்து தரும் கைவினைஞர்கள், இப்போதும் மேல்பாகத்தையும் குழலையும் கையால் ராவித்தான் பொருத்துகிறார்கள்.

பழைய கோல்ட் ரிவால்வர் ஏலத்துக்கு வந்தால் வாங்குபவர்கள் முதலில் தேடுவது சட்டம், குழல், விசைக் காப்பு, குழலைப் பிடிக்கும் ஆப்பு எல்லாவற்றிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்றுதான். ஆப்பில் மட்டும் வேறு நம்பர் இருந்தாலும் விலை இறங்கிவிடும்.