கருத்தடையும் பெண்ணுரிமையும்: தந்தை பெரியாரின் வாழ்க்கை காட்டும் வழி

தந்தை பெரியார் எனப் போற்றப்படும் ஈ.வெ. இராமசாமி, 1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தமது 19ஆம் வயதில், 13 வயதுச் சிறுமியாக இருந்த நாகம்மையாரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே இறந்துவிட்டது.

ஈரோடு நகராட்சித் தலைவராகப் பணியாற்றிய பெரியார், 1925ஆம் ஆண்டில் ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கினார். 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது.

அக்காலத்தில் கருத்தடையை ஆதரித்தோர் பலரும் தாயின் உடல்நலத்தையும் குடும்பத்தின் வறுமையையுமே காரணமாகக் கூறினர். பெரியாரோ, தன் உடலைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்பதையே முதன்மைக் காரணமாக முன்வைத்தார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் அவரது நூலில் கருத்தடைக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. அவர் 1973ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் வேலூரில் காலமானார்.

1960களில் நம் நாட்டில் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டோரில் ஆண்களே மிகுதி. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், பல இடங்களில் ஆண்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதனால் எழுந்த அச்சத்திற்குப் பின் இப்பொறுப்பு பெரும்பாலும் பெண்கள் மீதே விழுந்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டுள்ளனர். ஆண்கள் செய்துகொண்டது 0.3 விழுக்காடு மட்டுமே. கருத்தடை பெண்களின் வேலை என்று கருதும் ஆண்கள் மூவரில் ஒருவருக்கும் அதிகம்.

‘உழைக்கும் ஆணுக்கு உடல் வலு குன்றிவிடும்’ என்ற எண்ணம் கிராமப்புறங்களில் இன்றும் நிலவுகிறது. இது உண்மையன்று. தழும்பில்லாத நவீன ஆண் கருத்தடை சிகிச்சையால் உடல் வலிமையோ ஆண்மையோ குறைவதில்லை. குறிப்பிட்ட இடம் மட்டும் மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் முடிக்கப்படும் இச்சிகிச்சைக்குப் பின் அன்றே வீடு திரும்பலாம். பளு தூக்கும் வேலையைச் சில நாள்கள் தவிர்க்க வேண்டும். மூன்று மாதங்கள் வரை வேறு கருத்தடை முறையைப் பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் உயிரணுக்கள் இல்லை என உறுதிசெய்துகொள்வது கட்டாயம். பெண்ணுக்கான அறுவை சிகிச்சையில் வயிற்றைத் திறந்து கருக்குழாயை அடைய வேண்டியிருப்பதால், ஆணுக்கான சிகிச்சையே எளிது, பாதுகாப்பும் கூடுதல்.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது தம்பதியரின் சொந்த விருப்பம். எவரும் எவரையும் வற்புறுத்தலாகாது. நிரந்தர முறை என்பதால் நன்கு சிந்தித்து முடிவெடுக்கவும். கணவரும் மனைவியும் சேர்ந்தே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ ஆலோசனை பெறுக. பெண்ணின் முடிவெடுக்கும் உரிமை, கணவர் பொறுப்பைப் பகிரும்போதே முழுமையடையும்.