டோனாவூர் அம்மா: கட்டிலில் கற்ற அமைதி

விடுதியில் மாலை ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடங்கள் பேசாமல் இருக்கவேண்டும் என்றொரு ஒழுங்கு இருந்தது. விடுதி மாணவிகளுக்கு அது ஞாபகம் இருக்கும். அந்த நேரத்தில் நான் ஜெபித்ததைவிட மணிக்கூட்டைப் பார்த்ததே அதிகம். அமைதியாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதை வைத்தியராகிய பின்னரே உணர்ந்தேன். ஆகவே, நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்கப்பட்டபோது ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்வே நினைவுக்கு வந்தது.

அவர் 1867 டிசெம்பர் 16ஆம் திகதி அயர்லாந்தின் வடபகுதியில், ஏழு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். இளவயதில் தந்தையை இழந்தார். பெல்பாஸ்ட் நகரில் ஆலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்களிடையே ஊழியம் செய்தார். 1893இல் யப்பானுக்குச் சென்றார். சுகவீனம் காரணமாக அங்கு நிலைக்க முடியவில்லை. 1894இல் சில மாதங்கள் நம் இலங்கையிலும் பணியாற்றினார். 1895இல் இந்தியாவுக்குச் சென்றவர், பின்னர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை.

திருநெல்வேலிப் பகுதியில் தமிழ் கற்று, கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1901 மார்ச் மாதத்தில், கோயிலுக்கு ஒப்புவிக்கப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று முதல் ஏமி பல பிள்ளைகளுக்கு அம்மா ஆனார். டோனாவூரில் குழந்தைகளுக்கான இல்லங்கள் எழுந்தன. 1918 முதல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். ஜெப வீடும், பரம சுக சாலை என்ற வைத்தியசாலையும் உருவாகின. ஓயாது ஓடிய கால்கள் அவருடையவை.

1931 ஒக்டோபர் 24ஆம் திகதி களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றார். பொழுது மங்கிய வேளையில், அங்கு தோண்டியிருந்த குழி ஒன்றில் தவறி விழுந்தார். கால் முறிந்தது; கணுக்காலும் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்து நடப்பார் என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் மரணம்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அவருடைய உலகம் பெரும்பாலும் ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது.

அந்த அமைதி அவர் தேடிப் பெற்றதல்ல. வலியும் நித்திரையற்ற இரவுகளும் இருந்தன. அழும் குழந்தையிடம் ஓடிச்செல்ல முடியாத தாயின் வேதனையும் இருந்தது. அவற்றை அவர் மறைக்கவில்லை; அவற்றோடுதான் ஜெபித்தார். சுகமாயிருப்போர் நோயாளருக்கு எழுதும் ஆறுதல் மொழிகள் பலவேளைகளில் உள்ளத்தைத் தொடுவதில்லை என்பதை அனுபவத்தில் கண்டார். ஆகவே நோயாளியாக இருந்தபடியே நோயாளருக்கு எழுதிய கடிதங்களை 1933இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலாக வெளியிட்டார். மேலும் பல நூல்களும், பிள்ளைகளுக்கான கடிதங்களும் அந்த அறையிலிருந்தே பிறந்தன.

1951 ஜனவரி 18ஆம் திகதி அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று கேட்டிருந்தமையால், பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்து, தாய் எனப் பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகு வலியால் ஆறு வாரங்கள் நான் படுக்கையில் இருந்தேன். முதல் வாரம் முழுவதும் கோபம்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று எத்தனை பேரிடம் ஓய்வெடுங்கள் என்று இலகுவாகச் சொல்லியிருக்கிறேன் என எண்ணி வெட்கப்பட்டேன். ஜெபிக்கச் சொற்கள் வரவில்லை. கடவுள் முன் பேசாமல் கிடந்தேன். அதுவும் ஜெபமே என்று டோனாவூர் அம்மாவின் வாழ்வு எனக்குக் கற்பித்தது. இப்போது வாட்டில் நோயாளியிடம் பேசுமுன் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, சிறிது நேரம் அருகில் இருக்கிறேன்.

அன்புச் சகோதரிகளே, உங்களில் சிலர் இம்மலரைப் படுக்கையில் இருந்தபடியே வாசிக்கக்கூடும். உங்கள் பணி முடிந்துவிட்டதென எண்ணவேண்டாம். விடுதியின் அந்தப் பத்து நிமிடங்களை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களையும் நம் பாடசாலையையும் அதில் நினைத்துக்கொள்ளுங்கள்.